மலைப்பாதை மராமத்தும் நம் மக்களும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கழகச் செயலாளர் கேட்டபோது நாம் தயங்காமல் ஒப்புக்கொண்டோம். பொருள் எது என்று வினவினார். மலைப்பாதை செப்பனிடுதல் என்றோம். அவர் முகத்தில் சிறிது ஏமாற்றம் தோன்றியதை மறைப்பதற்கில்லை. மன்னர் வரலாற்றையும் தலைவர் வரலாற்றையும் எழுத ஆட்கள் பலர் உளர். கல் சுமந்தவர் வரலாற்றை நாம் எழுதாவிடில் எழுதுவார் யார் என்று கேட்டு அவரை இசையச் செய்தோம்.

இப்பொருளின்மேல் நம் எண்ணம் சென்றமைக்கு ஒரு கேள்வியே காரணம். சில ஆண்டுகளுக்கு முன்னர், சவ்வாது மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் தலைமையாசிரியராக இருந்தோம். மேலே மலையாளிப் பழங்குடியினர் வாழும் குக்கிராமத்திலிருந்தும், குன்றின் மறுபுறத்து நம் காலனியிலிருந்தும் பிள்ளைகள் பள்ளிக்கு இறங்கிவரும் ஒற்றையடிப் பாதை மழையில் அரித்துப் பள்ளமாகிக் கிடந்தது. சனிக்கிழமைதோறும் மாணவரும் இளைஞரும் கூடி அதனைச் சீர்செய்யலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் அறிவித்தோம். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தோம். நம் காலனியைச் சேர்ந்த விவசாயக் கூலியாளர் ஒருவர் எழுந்து நின்றார். "ஏன் சார், எங்கப்பன் பாட்டன் கூலி இல்லாம வெட்டி செஞ்சது பத்தாதா? புள்ளைங்களப் படிக்கத்தானே அனுப்புனோம்?" என்றார்.

கூட்டத்தில் பேச்சில்லை. நம்மிடமும் அப்போது விடை இல்லை. இக்கட்டுரை அவருக்குக் காலந்தாழ்ந்து நாம் கூறும் விடை என்று கொள்ளலாம்.

'வெட்டி' என்னும் சொல்லை இன்றைய இளைஞர் 'வீண்' என்ற பொருளிலேயே வழங்குகின்றனர். வேலையின்றித் திரிபவனை 'வெட்டிப்பயல்' என்கின்றனர். ஆனால் இச்சொல்லின் வரலாறு வேறு. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்பது குடிகள் ஊதியமின்றிச் செய்து தீரவேண்டிய உழைப்புக் கடமையின் பெயர். நெல்லாகவும் காசாகவும் செலுத்திய வரிகளோடு உடலால் செலுத்திய வரி இது. ஏரி தோண்டல், கரை கட்டல், வழி திருத்தல், சுமை தூக்கல் ஆகிய யாவும் இதில் அடங்கும். இக்கடமை காலப்போக்கில் சில சாதிகளின் தலையிலேயே நிலைத்தது. ஊருக்குப் பொதுவான கடும் வேலைகளைச் செய்பவர் 'வெட்டியான்' எனப்பட்டார். அப்பெயர் நம் மக்களுக்கே உரியதாயிற்று. உழைத்தவனின் பெயரை வீணன் என்னும் பொருளுக்கு மாற்றிவிட்ட மொழிவழக்கின் கொடுமையை என்னென்பது!

தருமபுரிப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட பழைய மைல்கல் ஒன்று 'அதியமான் பெருவழி' என்று பெயர் பொறித்து நிற்கிறது. நாவற்தாவளம் என்னும் ஊருக்கு இத்தனை காதம் என்று எழுத்தில் கூறுவதோடு, எழுத்தறியாதார்க்காகக் குழிகளாகவும் குறித்துக் காட்டுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத வழிப்போக்கரையும் கருதிய அருமையான கல் அது. அதில் வேந்தன் பெயர் உண்டு. காடு வெட்டிக் கல் புரட்டி வழி அமைத்தவர் ஒருவர் பெயரும் இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் இந்நிலை அடியோடு மாறிவிடவில்லை. சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஏரிக்கரையும் ஆற்றங்கரையும் உடையும் ஆபத்து நேரின் ஊராரைக் கட்டாயமாக அழைக்கவும், வழக்கமான குடிமராமத்தைச் செய்யத் தவறியவரிடம் பணம் வசூலிக்கவும் அது வகை செய்தது. சட்டத்தின் சொற்படி பொறுப்பு ஊரார் அனைவருக்கும் பொது. நிலமுடையவர் தாம் வரவேண்டிய இடத்துக்குத் தம் பண்ணையாளை அனுப்பினால் மண்வெட்டி பிடித்தது யார் கை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. குடிமராமத்து என்பது ஊர் ஒற்றுமையின் சின்னம் என்று மேடைகளில் புகழக் கேட்கிறோம். அப்புகழ்ச்சியில் உண்மையுண்டு. ஆனால் வரப்பின்மேல் நின்றவருக்கும் சேற்றுக்குள் நின்றவருக்கும் அதன் நினைவு ஒன்றாயிராது.

இனி நம் திருவண்ணாமலைக்கு வருவோம். மலையின் உயரம் 2668 அடி. அதனைச் சுற்றும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அப்பாதையை உலகறியும். தார் போடுவதும் விளக்கு வைப்பதும் குப்பை அள்ளுவதும் அரசும் உள்ளாட்சியும் ஏற்ற பொறுப்பு. நாம் கூற வந்தது, அதைவிட்டுப் பிரிந்து சரிவில் ஏறும் சிறு வழிகளைப் பற்றி. பெரிய கோயிலின் மேற்கே பேய்க்கோபுரத்துப் பக்கமிருந்து ஏறும் வழியும், இரமணாசிரமத்துக்குப் பின்புறமிருந்து கந்தாசிரமத்துக்குச் செல்லும் கல் பாவிய வழியும் பலரும் அறிந்தவை. குகை நமசிவாயர் இருந்த இடமும், விருபாட்ச குகையும், முலைப்பால் தீர்த்தமும் நகரை நோக்கிய கீழ்ச்சரிவில் உள்ளன. கார்த்திகைத் தீபத்துக்கு முன் கொப்பரையும், ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும், திரித்துணியும் தோளிலும் தலையிலுமாகவே உச்சிக்குச் செல்கின்றன. தீபம் ஏற்றும் உரிமை பருவதராச குலத்தாருக்கு உரியது. ஒரு மீனவச் சமூகத்தின் கைகளால்தான் மலைத் தீபம் எரிகிறது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நன்று.

இவ்வழிகளை யார் போட்டார்? தீர்த்தங்களுக்கும் குகைகளுக்கும் படி அமைத்த அடியார் சிலர் உண்டு. மற்றவை நடந்து நடந்து விழுந்த தடங்கள். நடந்தவர் யாவர்? ஆண்டுக்கொருமுறை ஏறும் பக்தரின் கால் மட்டும் தடம் விழச் செய்துவிடாது. நாள்தோறும் ஏறியவர்கள் புல்லறுப்போரும் விறகு பொறுக்குவோரும் ஆடு மேய்ப்போருமே. நம் பாட்டியார் அவர்களுள் ஒருவர். விடியுமுன் கூழ்க்கலயத்தோடு ஏறி, புல்லறுத்துக் கட்டி, வெயிலேறுமுன் இறங்கி, நகரில் ஜட்கா வண்டி நிற்கும் இடத்தில் குதிரைக்காரரிடம் விற்றுத் திரும்புவார். தலையில் சுமை இருக்கும்போது காலடியைக் குனிந்து பார்க்க இயலாது. ஆகவே எந்தக் கல் ஆடும், எந்தக் கல் ஆடாது என்பதைப் பாதம் மனப்பாடம் செய்திருக்க வேண்டும் என்பார். ஆடும் கல்லைக் கண்டால் இறங்கும்போது விட்டுவிட்டு, மறுநாள் வெறுந்தலையோடு ஏறும்போது அதற்கு அண்டைக்கல் கொடுத்துச் செல்வார்களாம். ஒருவரும் ஏவாமல், ஒருவரும் கூலி தராமல், தம் கழுத்தைக் காத்துக்கொள்ளச் செய்த மராமத்து அது. மலைப்பாதைப் பராமரிப்பின் வரலாற்றை எழுதுவோர் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து.

இவர்களைப் பற்றிய எழுத்துச் சான்று ஒன்று உண்டு. இரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகையிலும், பின்னர் 1922 வரை கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். மலைமீது வாழ்ந்த நாளைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் கூறியவற்றைச் சூரி நாகம்மா தம் கடிதங்களில் பதிவு செய்துள்ளார். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் புல்லறுக்க மலையேறுவர். உச்சி வெயிலில் நா வறண்டு வருவர். ஆனால் அங்குள்ள நீர்நிலையைத் தொடும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆகவே சுவாமியை நீர் ஊற்றச் சொல்லிக் குனிந்து நிற்பர். அவர் மொண்டு ஊற்றுவார். அவர்களுக்கென்று கஞ்சியும் வைத்திருந்து வார்ப்பார். இதனைப் படிப்போர் மகரிஷியின் கருணையை எண்ணி உருகுவர். உருகத் தக்கதே. நாமோ அச்செய்தியில் மற்றொன்றையும் காண்கிறோம். வழியைத் தம் காலால் இட்டவர்கள், அவ்வழியின் ஓரத்துச் சுனையில் கைந்நனைக்க முடியவில்லை. பாதை அவர்களுடையது; தண்ணீர் அவர்களுடையதன்று.

இன்னொரு செய்தியையும் இங்கே சேர்த்துக் காண வேண்டும். கந்தாசிரமம் உள்ள இடம் முன்பு கள்ளியும் புதரும் மண்டிய சரிவு. கந்தசுவாமி என்னும் அன்பர் ஒருவர் அதனைத் தம் கையால் வெட்டிச் சமன்படுத்தி, இருக்கத் தக்க இடமாக்கினார். அவர் பெயராலேயே அது கந்தாசிரமம் ஆயிற்று. மண்வெட்டி பிடித்தவன் பெயர் ஓர் இடத்துக்கு நிலைத்தமை நம் நாட்டில் அரிதினும் அரிது. மகிழ்ச்சியோடு வணங்குகிறோம். அதே சரிவில் புல்லறுத்த பெண்களுள் ஒருத்தியின் பெயரேனும் நமக்குத் தெரியுமா? நம் பாட்டியார் பெயர் நமக்குத் தெரியும். அவருடன் சென்ற மற்றையோர் பெயர் அவரோடு போயிற்று.

பாதையில் நடக்கும் உரிமையே நம் மக்களுக்கு எளிதில் கிடைத்ததன்று. 1924-ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பினராயினும் பொதுச் சாலையிலோ தெருவிலோ பாதையிலோ நடப்பதற்கும், பொது அலுவலகம், கிணறு, குளம் முதலிய இடங்களுக்குச் செல்வதற்கும் தடை இல்லை என்பது அதன் சாரம். 'பாதை' என்ற சொல்லை அவர்கள் விட்டுவிடவில்லை என்பதை நோக்குக. அரசு சாலை போட்ட இடங்களோடு நின்றிருந்தால் ஊர்ப்புறத்து ஒற்றையடி வழிகள் யாவும் விலக்காகிப் போயிருக்கும். அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கிற்று. பம்பாய் மாகாணத்திலோ, மகார் மக்கள் பரம்பரையாகச் சுமந்த ஊர் ஊழியத்தின் தளையைத் தளர்த்தும் பொருட்டு 1928-இல் அண்ணல் அம்பேத்கர் சட்ட முன்வரைவு ஒன்றைக் கொணர்ந்தார். ஒருபுறம் பாதையில் நடக்கும் உரிமை; மறுபுறம் கூலியின்றி ஊர்வேலை செய்ய மறுக்கும் உரிமை. இவ்விரண்டும் நம் முன்னோர்க்கு ஒரே போராட்டத்தின் இரு கைகள். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு சாலைகளையும் கிணறுகளையும் குளங்களையும் எல்லார்க்கும் திறந்தது. 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது.

ஆகவே கூட்டத்தில் எழுந்து கேட்ட பெற்றோர் அறியாமையால் கேட்டாரல்லர். எந்த உழைப்பை மறுப்பதற்கு நம் முன்னோர் ஒரு நூற்றாண்டு பாடுபட்டனரோ, அதனையே 'தொண்டு' என்று பெயர் மாற்றி நம் பிள்ளைகளிடம் கேட்கிறீரே என்றுதான் கேட்டார். அடுத்த சனிக்கிழமைக்குள் அவர் வீட்டுக்குச் சென்று திண்ணையில் அமர்ந்து பேசினோம். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். அந்தப் பாதையில் ஊர்த்தெருக்காரர் நடக்கிறார்களா? நடக்கிறார்கள், அவர்களுடைய மாந்தோப்பு மேலேதான் இருக்கிறது. அப்படியானால் அவர்கள் பிள்ளைகள் வருவார்களா? கல்வேலை தெரிந்தவனைக் கூப்பிட்டால் அவனுக்குக் கூலி உண்டா? இவ்விரண்டுக்கும் விடை கூறாமல் எழுந்து வந்தோம். விடையைச் செயலில் காட்ட வேண்டியிருந்தது.

முதற் சனிக்கிழமை நம் காலனிப் பிள்ளைகள் பதினால்வர் மட்டும் வந்தனர். ஊர்த்தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. அன்று கடப்பாரையைத் தொடாமல் பாதையை அளந்து குறித்துக்கொண்டு திரும்பினோம். எல்லாரும் நடக்கும் வழியை எல்லாரும் வந்தாலொழியத் தொடுவதில்லை என்று பள்ளியில் அறிவித்தோம். இரண்டாம் வாரமும் அப்படியே. நம் ஆசிரியர்களிலேயே சிலர் இது பிடிவாதம் என்றனர். மூன்றாம் வாரம் மலையாளிக் குடியிருப்பிலிருந்து நால்வர் இறங்கி வந்தனர்; ஊர்த்தெருவிலிருந்து அறுவர் வந்தனர். அவர்கள் வந்தமைக்குக் காரணம் நம் சொற்பொழிவு அன்று. மாங்காய் இறக்கும் பருவம் நெருங்கியமையே. எக்காரணத்தால் வந்தாலென்ன? பள்ளிக் குழாய்த் தண்ணீரை ஒரே குடத்தில் எடுத்துச் சென்றோம்; ஒரே குவளையில் யாவரும் குடித்தோம். அறுவரில் இருவர் முதல் நாள் குடிக்கவில்லை. இரண்டு மணி வெயிலுக்குப் பின் ஒருவன் குடித்தான்.

கல்வேலைக்குப் பெரியவர் ஒருவரை அழைத்தோம். வாழ்நாள் முழுதும் கல்லுடைக்கும் கூலியாளாக இருந்தவர், நம் சமூகத்தவர், வயது எழுபதைத் தாண்டியிருக்கும். அவருக்கும் அவருடன் வந்த இருவருக்கும் நாட்கூலி கொடுப்பதென்று ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் நிதி சேர்த்தோம். கற்றுக்கொள்ள வந்தவன் இலவசமாக உழைக்கலாம். கற்றுக்கொடுப்பவரிடம் இலவசம் கேட்பது வெட்டி. இந்தக் கோட்டை நாம் ஒருநாளும் தாண்டவில்லை.

ஆயினும் தலைமையாசிரியருக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் அவ்வளவு விரைவில் போய்விடாது. முதலாண்டில் பெரியவர் சொன்னதைக் கேளாமல், பார்ப்பதற்கு அழகாக இருக்கும் என்று செங்குத்தான இடத்தில் படிகள் அமைப்பதையே முதல் வேலையாகக் கொண்டோம். "மொதல்ல தண்ணி எப்பிடி போவுதுன்னு பாருங்க சார். மழை பேயும்போது கொடையப் புடிச்சிக்கிட்டு வந்து நின்னு பாருங்க" என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். திறப்பு விழாவும் நடத்தினோம். ஐப்பசி மழையில் படிகள் பதினொன்று பெயர்ந்து பள்ளத்தில் கிடந்தன. பெரியவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் சொல்லாதிருந்ததே நமக்குப் போதுமான தண்டனை.

அவரிடம் நாம் கற்றதை இளைஞர் பயன் கருதிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். மலைப்பாதையை அழிப்பது நடப்பவர் கால் அன்று, நீரே. சரிவில் ஒரு தடம் விழுந்தால், மழைநீர் அத்தடத்தையே வாய்க்காலாகக் கொள்கிறது. ஒருமுறை நீர் பாதை வழியே ஓடத் தொடங்கிவிட்டால் மண் கரைந்து கல் மட்டும் எஞ்சும். கல்லில் நடக்க இயலாமல் மக்கள் ஓரமாக ஒதுங்குவர். அங்கே புதுத்தடம் விழும். பின்னர் அதுவும் ஓடையாகும். இவ்வாறு ஒரு பாதை நான்காகி, மலைச்சரிவே புண்ணாகிவிடும். ஆதலின் முதல் வேலை நீரைப் பாதையிலிருந்து வெளியேற்றுவது. பாதையை மலைப்பக்கம் சற்று உயர்ந்தும் பள்ளப்பக்கம் சற்றுத் தாழ்ந்தும் இருக்குமாறு செதுக்க வேண்டும். சரிவு மிகுந்த இடங்களில் பாதைக்குக் குறுக்கே, நேராக அன்றிச் சாய்வாக, கல்வரிசை பதிக்க வேண்டும். ஓடி வரும் நீர் அக்கல்லில் முட்டிப் பள்ளப்பக்கம் திரும்பிவிடும். அக்கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். மேலே தெரிவது சிறிதளவே. புதைந்தது குறைவாயின் முதல் மழையிலேயே கல் புரண்டுவிடும். நீர் விழும் இடத்தில் கற்பாவல் இட வேண்டும். இல்லையேல் அங்கே குழி விழுந்து அது பின்னோக்கி அரித்துக்கொண்டு வரும்.

ஓரம் சரிந்த இடத்தில் சாந்து இல்லாத கல்கட்டே சிறந்தது. சிமெண்டுச் சுவர் உறுதியானது என்று நாம் எண்ணியிருந்தோம். மலைமண் நீரைக் குடித்து உப்பும்போது, நீர் வெளியேற வழியில்லாத சுவர் பிளந்து விழுகிறது. வெறுங்கல் கட்டிலோ நீர் இடுக்குகளின் வழியே கசிந்து போய்விடும். கெட்டித் தரை காணும்வரை தோண்டி, பெருங்கற்களை அடியில் இட்டு, மேல்வரிசைக் கல் ஒவ்வொன்றும் கீழே இரண்டு கற்களின் இணைப்பின்மேல் அமருமாறு வைத்து, சுவர் முழுவதும் மலைப்பக்கம் சற்றுச் சாயுமாறு எழுப்ப வேண்டும். இடையிடையே நீண்ட கற்களை உள்நோக்கிச் செலுத்தினால் அவை வேர்போலப் பற்றிக்கொள்ளும். பின்புறத்தில் மண்ணை அள்ளிக் கொட்டாமல் சல்லிக்கல்லால் நிரப்புதல் வேண்டும். படி அமைப்பதாயின் கீழிருந்து மேலே செல்க. மேற்படி கீழ்ப்படியின் பின்விளிம்பை அழுத்தி அமர வேண்டும். சிறுபிள்ளையும் தலைச்சுமைக்காரரும் ஏறத் தக்கபடி உயரம் அரையடியைத் தாண்டாதிருப்பது நன்று. வளைவுகளில் குறுக்குவழி போகிறவர்களைச் சொல்லித் திருத்த இயலாது. முள்வெட்டிப் போட்டுத்தான் திருத்தலாம்.

குழு வேலையில் ஒழுங்கு முக்கியம். ஒருவர் கடப்பாரை போடும் இடத்துக்கு நேர் கீழே மற்றொருவர் நிற்கலாகாது. கல் உருண்டால் உருட்டியவன் உரக்கக் கத்த வேண்டும், வெட்கப்படலாகாது. எட்டுப் பேருக்கு ஒரு மேஸ்திரி. மேஸ்திரி முறை வாரந்தோறும் மாறும். காலனிப் பையன் மேஸ்திரியாக இருந்த வாரம் ஊர்த்தெருப் பையன்கள் அவன் சொற்படி கல் தூக்கினர். நம் பாடத்திட்டத்தில் அதற்குப் பாடம் இல்லை. வேலைக்கு ஏற்ற காலம் தை, மாசி. அப்போது மண்ணில் ஈரம் சிறிது எஞ்சியிருக்கும். பங்குனிக்குமேல் தரை கல்லாகிவிடும். காட்டுத்தீயின் காலமும் அதுவே.

தீயைப் பற்றிக் கூறும்போது திருவண்ணாமலையில் நிகழ்ந்துவரும் நற்பணியைக் கூறாமல் விடலாகாது. 1980-களில் மலை பெரும்பாலும் மொட்டையாக இருந்தது. வெட்டும் மேய்ச்சலும் ஆண்டுதோறும் மூளும் தீயும் மரத்தை அண்டவிடவில்லை. அப்பதிற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய மரநடுகை, பின்னர் தி ஃபாரஸ்ட் வே முதலிய அறக்கட்டளைகளாலும் வனத்துறையாலும் தொடர்ந்தது. கோடைக்கு முன் உலர்ந்த புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடுகள் அமைப்பதும், தீ மூண்டால் பச்சைக் கிளைகளோடு ஓடி அடித்து அணைப்பதும் உள்ளூர்த் தொழிலாளரும் தன்னார்வலரும் சேர்ந்து செய்யும் வேலை. தீத்தடுப்புக் கோடும் ஒருவகைப் பாதையே. அதில் முதலில் நடப்பவர் தீயை அணைக்க ஓடுபவர். நம் பாட்டியார் காலத்தில் எலுமிச்சைப்புல் அசைந்த சரிவில் இன்று மரநிழல் உண்டு. அந்நிழலைக் காண அவர் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு வகுப்பில் நாம் சொல்லும் வரலாறுகள் இரண்டு உண்டு. ஒன்று பீகாரில் கயை மாவட்டத்துக் கெலவர் என்னும் ஊரைச் சேர்ந்த தசரத் மாஞ்சியின் வரலாறு. முசகர் என்னும் மிகவும் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த நிலமற்ற கூலியாளர். நடுவே நின்ற குன்றால் மருத்துவம் எட்டாத் தொலைவில் இருந்த அவ்வூரில், அவர் மனைவி அடிபட்டு இறந்தார். 1960-இல் சம்மட்டியும் உளியும் எடுத்தவர் 1982 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், தனியொருவராகக் குன்றைப் பிளந்தார். 360 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள வழி உண்டாயிற்று. அத்ரி, வசீர்கஞ்சு ஆகிய பகுதிகளுக்கு இடையே 55 கிலோமீட்டராக இருந்த தொலைவு 15 ஆயிற்று. 2007-இல் அவர் மறைந்தபோது அரசு மரியாதை செய்தது. மாணவர் இதனைக் கேட்டு மகிழ்வர். நமக்கோ மகிழ்ச்சியோடு சினமும் உண்டு. ஒரு மனிதன் இருபத்திரண்டு ஆண்டு தனியே குன்றை உடைக்கும்வரை பக்கத்து ஊர்களும் அரசும் என்ன செய்துகொண்டிருந்தன? தனிமனிதன் பெருமை பேசும்போது கூட்டத்தின் கடமை மறந்துபோகிறது.

மற்றொன்று தென்னமெரிக்காவில் பெரு நாட்டுச் செய்தி. அப்பூரிமாக் ஆற்றின்மீது 'கெசுவாசாக்கா' என்றொரு தொங்குபாலம் உண்டு. அது முழுவதும் மலைப்புல்லால் திரித்த கயிற்றாலானது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நான்கு ஊரார் கூடிப் பழைய பாலத்தை நீக்கிப் புதியது கட்டுகின்றனர். பண்டை இன்கா அரசர் காலத்தில் சாலையும் பாலமும் 'மிட்டா' என்னும் கட்டாய உழைப்பால் நடந்தன. பின்வந்த ஸ்பானியர் அதே பெயரைக் கொண்டு அம்மக்களைச் சுரங்கங்களில் வதைத்தனர். மிட்டா அழிந்தது; பாலம் அழியவில்லை. யார் ஏவலுமின்றி அம்மக்களே அதனைத் தமக்குரியதாக்கிக் கொண்டனர். 2013-இல் யுனெஸ்கோ நிறுவனம் அவ்வறிவை மனிதகுலப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. வெட்டியாக இருந்த வேலை வெட்டியாகவே இருந்து தீரவேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நாம் அறியோம்.

நம் மாவட்டத்திலோ பாதைப் பிணக்கு பழங்கதை அன்று. 2022 சனவரியில் கலசபாக்கம் வட்டம் வீரளூரில், பொதுவழியாகப் பிணத்தை எடுத்துச் செல்லும் உரிமை தொடர்பாக அருந்ததியர் குடியிருப்பு தாக்கப்பட்டது. 2023 சனவரியில் தென்முடியனூரில் நம் மக்கள் பல்லாண்டுத் தடை நீங்கி மாரியம்மன் கோயிலுக்குள் சென்றது காவலர் புடைசூழத்தான். அதே ஆண்டு மே மாதத்தில் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை இறந்தது. வண்டி செல்லும் வழியில்லாமையால் அதன் உடலைத் தாயே தூக்கிக்கொண்டு மலையேறி நடந்தார். பாதை இல்லாமையும், இருக்கும் பாதை மறுக்கப்படுவதும் யார் தலையில் விழுகின்றன என்பதை இவை காட்டுகின்றன.

2024 திசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்தது. குழந்தைகள் உட்பட எழுவர் மாண்டனர். அடிவாரத்துச் சரிவில் வீடு கட்டி வாழ்வோர் மேட்டுக்குடியினர் அல்லர் என்பது யாவரும் அறிந்ததே. அவ்வாண்டு தீபத்தன்று பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. சரியான முடிவென்றே கருதுகிறோம். இனி இம்மலையின் வழிகளைத் தொடுவோர் நிலவியல் அறிந்தோரையும் வனத்துறையையும் கேளாமல் ஒரு கல்லையும் புரட்டலாகாது. ஆர்வத்தால் கடப்பாரையோடு ஏறிவிடும் இளைஞருக்கு இதனைக் கண்டிப்பாகவே கூறுகிறோம். ஆயினும் ஆய்வறிஞர் வரும்போது அவர்களுக்கு எந்தச் சுனை எப்போது பெருகும், எந்தத் தடம் எந்த மழையில் அரிக்கும் என்று காட்டுவதற்கு, அச்சரிவில் நடந்து வாழ்ந்தவர்களின் பிள்ளைகளையும் அழைக்க வேண்டும். கல் தூக்க மட்டும் அழைப்பது போதாது.

நாம் பணியாற்றிய அச்சிற்றூரின் பாதை ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்று தை மாதங்கள் வேலை நடந்தது. பெயர்ந்துபோன பதினொரு படிகளும் குறுக்குக் கல்வரிசைகளோடு மீண்டும் அமைந்தன, இன்றும் நிற்கின்றன. ஒவ்வொரு நாளும் வந்தவர் பெயரைப் பதிவேட்டில் எழுதினோம். தன்னார்வலர் பெயர் ஒரு பக்கம். கூலி பெற்றவர் பெயரும் தொகையும் எதிர்ப்பக்கம். முதற்பெயர் கல்வேலைப் பெரியவருடையது. அவர் இப்போது இல்லை. கேள்வி கேட்ட அப்பெற்றோர் இரண்டாம் ஆண்டு முதல் வந்தார். கூலி வேண்டா என்றார், கல் அடுக்கத் தெரிந்தவராகையால் கூலி கொடுத்தோம், பெற்றுக்கொண்டார். நாம் மாறுதலாகி வந்தபின் அப்பதிவேடு பள்ளி அலமாரியில்தான் இருக்கிறது. சென்ற கார்த்திகையில் அவ்வூர் சென்றபோது, மாந்தோப்புக்கு மேலுள்ள மூன்றாம் வளைவில் நீர் மறுபடியும் பாதைக்குள் திரும்பியிருப்பதைக் கண்டோம். அங்கே கல் சேர்த்துக் குவித்திருக்கிறார்கள். தை பிறந்ததும் பதிப்பதாகப் பையன்கள் சொன்னார்கள்.